எழுபத்துமூன்று பேர் சொன்ன இல்லை

பதினாறு வருடத்துக்குப் பிறகு வின்சன்ற் எனக்கு ரெலிபோன் எடுத்தபோது ஆரோ செத்துப்போனார்கள் என்றுதான் நினைத்தேன். வேறு எதற்கும் அவன் எடுக்கமாட்டான்.

“பஸ்ரியன் அண்ணை, உங்களுக்கு இன்னும் பிரெஞ்சு தெரியுமோ?”

சுகமா இருக்கிறியளோ என்றும் கேட்கவில்லை, அக்கா எப்படி என்றும் கேட்கவில்லை.

“கோப்பை கழுவுற அளவுக்குத் தெரியும்,” என்றேன்.

“அது காணும்.”

வின்சன்ற் என்ரை சகலன். என் மனிசி மக்டலீனின் தங்கச்சி கிளடிசைக் கட்டினவன். அவர்கள் பிக்கரிங்கில் பெரிய வீடு. நாங்கள் அஜின்கோர்ட்டில் பதினோராம் மாடி. காரில் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தைத்தான் பதினாறு வருடமாக ஒருத்தரும் கடக்கவில்லை.

காரணம் என்னுடைய வாய். ஊரில் சண்டை முடிகிற தறுவாயில் இங்கே ரொறன்ரோவில் ஒரு கூட்டம் நடந்தது. ஆளாளுக்கு ஏறி ஆவேசமாகப் பேசினார்கள். நான் எழும்பி, “உதெல்லாம் சரி, அங்கை நிக்கிற சனத்திட்டை ஆரும் கேட்டனீங்களோ?” என்று கேட்டேன். மைக்கில் நின்ற வின்சன்ற், “உந்தத் துரோகியை வெளியிலை விடுங்கோ,” என்றான். வெளியில் விட்டார்கள். பனிக்குள் பஸ்சுக்கு நின்றேன். அதற்குப் பிறகு அக்காவும் தங்கச்சியும் செத்தவீடுகளில்தான் சந்தித்தார்கள். அதுவும் எங்களுக்குத் தெரியாமல் கழுவறைக்குள் நின்று கதைப்பார்கள். அன்ரனெற் மாமியின் செத்தவீட்டில் முக்கால் மணித்தியாலம் நின்றார்கள். மக்டலீனுக்கு வயிற்றுக்கோளாறு என்று நினைத்து நான் கதவில் தட்டினேன்.

இப்போது வின்சன்ற் எங்கள் தீவகச் சங்கத்துக்குத் தலைவர். பிரான்ஸ்காரன் இன்னமும் தன் கைக்குள் வைத்திருக்கிற லா றோஷ் என்ற ஒரு தீவிலிருந்து, நாற்பது வருடமாகத் தனிநாடு கேட்கிற தலைவர் ஒருவரை அவன் ரொறன்ரோவுக்குக் கூப்பிட்டிருக்கிறான். பெயர் எத்தியென் கனபாடி. அந்தக் காலத்தில் கரும்பு வெட்டக் கொண்டுபோன எங்கள் சனத்தின் வழி வந்தவராம். பிரெஞ்சு படித்த தன் மகன் றொய்சனைத்தான் மொழிபெயர்க்க விட இருந்தவன். கடைசி நேரத்தில் றொய்சனுக்கு மொன்றியலில் வேலை வந்துவிட்டது.

“நல்லபடியாச் செய்து தாங்கோ அண்ணை. அடுத்த மாசம் பேத்தி ஸ்டெபனிக்குச் சேர்ச்சிலை முதல் நன்மை. நீங்களும் அக்காவும் வீட்டை வரவேணும்.”

அது அழைப்பா, கூலியா என்று எனக்கு விளங்கவில்லை. மக்டலீனுக்கு விளங்கிவிட்டது. கூட்டத்துக்கு இன்னும் நாலு நாள் இருக்கும்போதே அலுமாரியைத் திறந்து, முதல் நன்மைக்கு உடுக்கிற சாறியை எடுத்துக் கட்டிலில் போட்டாள்.

“இஞ்சேருங்கோ, அந்தாள் சொல்லுறதை மட்டும் சொல்லுங்கோ. உங்கடை சொந்தச் சாமான் ஒண்டும் போடாதையுங்கோ.”

“நான் எப்ப போட்டனான்?”

“எப்ப போடாமல் விட்டனீங்கள்?”

என் பிரெஞ்சைப் பற்றிச் சொல்லவேண்டும். பரிஸ் நகரத்தில் ஏழு வருடம் ஒரு சாப்பாட்டுக் கடையில் சட்டி கழுவினேன். ஒருநாள் பெரிய சமையல்காரன், “நீ அந்தச் சட்டியைக் கழுவேல்லையோ?” என்று கேட்டான். நான் “வுய்” என்றேன். வுய் என்றால் ஓம். எங்கள் கணக்கில் ஓம், கழுவேல்லை. அவன் கணக்கில் ஓம், கழுவியாச்சு. ஊத்தைச் சட்டிக்குள் நாற்பது பேருக்கு இறைச்சி ஆணம் ஊற்றினான். அண்டைக்கே எனக்கு வேலை போனது. பக்கத்தில் நின்ற அல்ஜீரியாக்காரன் போகும்போது சொல்லித்தந்தான்: “இல்லையோ எண்டு கேக்கேக்கை பிரெஞ்சுக்காரன் நோன் எண்டால் இல்லைத்தான். இல்லையெண்டதை மறுக்க வேறை சொல்லு இருக்கு. சி.” அப்படி ஒரு சொல் தமிழில் இல்லை. இருந்திருந்தால் என் வாழ்க்கையில் பாதிச் சண்டை வந்திராது.

ஞாயிற்றுக்கிழமை காலமை விமான நிலையத்துக்குப் போனேன். அரசியல்வாதி என்றால் எனக்கு முதலில் சப்பாத்தைப் பார்க்கிற பழக்கம். பளபள என்றிருந்தால் ஒரு கணக்கு, வேண்டுமென்றே கிழிந்திருந்தால் இன்னொரு கணக்கு. இவருடைய சப்பாத்து பழசு. அடி பிரிந்து, பசை போட்டு ஒட்டியிருந்தது. பசை வெளியில் வழிந்து காய்ந்திருந்தது. படம் காட்டுகிறவன் அவ்வளவு அசிங்கமாக ஒட்டமாட்டான். அதனால் கொஞ்சம் குழம்பிப்போனேன்.

எழுபது வயதிருக்கும். மெலிந்த கறுத்த மனிசன். எங்கள் கடைகளில் வெண்டிக்காய் முறித்துப் பார்த்து வாங்குகிற எந்தக் கிழவனைப் போலவும் இருந்தார். “வாங்கோ கணபதியார்,” என்றேன். கனபாடி என்று பிரெஞ்சுக்காரன் எழுதினால் அது கணபதியாகத்தான் இருக்கவேண்டும். அவர் சிரித்துவிட்டுக் கையைத் தந்தார். தமிழ் தெரியாது.

எல்லாம் சுகமோ என்று பிரெஞ்சில் கேட்டேன். தோளை உயர்த்திக்கொண்டு, “பெர்தூ” என்றார்.

பெர்தூ என்றால் துலைஞ்சுபோச்சு. கையைப் பார்த்தேன். ஒரு சின்னப் பை மட்டும். ஐயோ, மனிசன் பெட்டியைத் துலைத்துவிட்டார் என்று கையைப் பிடித்துக்கொண்டுபோய் சாமான் தவறினவர்களின் வரிசையில் நிறுத்தினேன். அரை மணித்தியாலம் நின்றோம். மேசையில் இருந்தது ஒரு தமிழ்ப் பிள்ளை. சட்டையில் அட்சயா என்று குத்தியிருந்தது. அவள் அவரோடு ஆங்கிலத்திலும் கையாலும் கதைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அங்கிள், இவர் பெட்டியே கொண்டுவரேல்லையாம்.”

“துலைஞ்சுபோச்செண்டாரே பிள்ளை?”

“பெட்டி இல்லையாம் அங்கிள். வேறை ஏதோவாம்.”

பெட்டியில்லாமல் கடல் தாண்டி வருகிறவனை நான் நம்பமாட்டேன். ஆனால் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். காருக்கு வந்துவிட்டோம்.

வழியெல்லாம் தன் கதையைச் சொன்னார். எனக்காக மெதுவாக, சின்னச் சின்னச் சொல்லாகச் சொன்னார். தகப்பன் கரும்பு வெட்டினவர். தகப்பனுக்குத் தெரிந்த தமிழ் மூன்று சொல்லுத்தானாம். ஸ்ரியறிங்கைப் பிடித்திருந்த என் கையைத் தட்டிச் சொல்லிக்காட்டினார்: “சோறு. தண்ணி. வேண்டாம்.” இவர் வாத்தியார். இருபத்தாறு வயதில் தபால் கந்தோர்க் கூரையில் ஏறிப் பிரான்ஸ் கொடியை இறக்கி மடித்துத் தபால்காரனிடமே கொடுத்தாராம். அதற்குப் பதினாலு மாதம் மறியலில் பூட்டினார்கள். அதுவும் கடல் தாண்டிப் பிரான்சில், குளிருக்குள். வெளியில் வந்து ஒரு சலூனுக்குள் வைத்துக் கட்சி தொடங்கினார். பதினொரு பேர். அதில் இரண்டுபேர் தலைமயிர் வெட்ட வந்தவர்கள்.

பிறகு நகரபிதா. மூன்றுமுறை. வீட்டுக்கு வீடு தண்ணிக்குழாய் போட்டார். போகிற இடமெல்லாம் சனம் கட்டிப்பிடித்து, “நீ தங்கமான மனிசன், உன்ரை தனிநாட்டைப் பற்றி மட்டும் கதையாதை,” என்று சொல்லுமாம். அதைச் சொல்லும்போது சிரித்தார். பிறகு தீவுச் சபைக்குத் தலைவர். போன வருடம்தான் நாற்பது வருடமாகக் கேட்ட வாக்கெடுப்பைப் பிரான்ஸ் தந்ததாம்.

“பிறகு?” என்றேன்.

“பெர்தூ,” என்றார். ஜன்னலைப் பார்த்தார்.

நாலுநூற்றொன்று பெருந்தெருவில் நான்தான் பாதையைத் துலைத்துவிட்டேன் என்று சொல்கிறாராக்கும் என்று பதகளித்துப் பலகையைப் பார்த்தேன். பாதை சரி. “இல்லை, துலையேல்லை, இதுதான் பாதை,” என்று பிரெஞ்சில் ஆறுதல் சொன்னேன். என்னைக் கன நேரம் பார்த்தார்.

மண்டபத்துக்கு வெளியில் பெரிதாகப் படம் கட்டியிருந்தார்கள். ‘தீவகத்தின் விடுதலைக் குரல்’ என்று போட்டிருந்தது. தீவகம் என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரே தீவகம்தான், ஊரில் இருக்கிறது. ஒஷாவாவிலிருந்து வந்த இராஜரட்ணம் வாசலிலேயே வின்சன்றைப் பிடித்துக்கொண்டார். ஊரில் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர்.

“ஆள் எந்தத் தீவு? வேலணையோ?”

“இது வேறை தீவண்ணை.”

“வேறையெண்டால் நெடுந்தீவோ?”

“இல்லையண்ணை, இவர் லா றோஷ்.”

“எங்கடை கணபதிப்பிள்ளையற்றை மோன் எண்டெல்லோ சொன்னாங்கள்? நான் அதுக்காகவெல்லோ பஸ் எடுத்து வந்தனான்!”

இருநூறு பேர் இருக்கும். மூன்றாவது வரிசையில் மக்டலீனும் கிளடிசும் இருந்தார்கள். ஆனால் ஒட்டி இல்லை. நடுவில் ஒரு கதிரை, அந்தக் கதிரையில் கிளடிசின் கைப்பை. நான் மேடையில் ஏறினதிலிருந்து அந்தக் கைப்பையைத்தான் பார்த்தேன்.

வின்சன்ற் என் காதுக்குள், “எழுச்சியாச் சொல்லுங்கோ அண்ணை. வாக்கெடுப்புக் கதையை ஆரும் எடுத்தால் நைசா விலத்துங்கோ,” என்றான். ஏன் என்று கேட்க முதல் மைக்கைத் தந்துவிட்டான்.

கனபாடி பேசினார், நான் தமிழில் சொன்னேன். கரும்பைச் சொன்னேன். கூரையைச் சொன்னேன். மறியலைச் சொன்னேன். கொடியை மடித்துக் கொடுத்தார் என்றதும் கைதட்டினார்கள். சலூனில் கட்சி தொடங்கினதைச் சொல்லச் சிரித்தார்கள். எனக்கே என் வாயை நம்பமுடியவில்லை. பதினாறு வருடத்துக்கு முதல் வெளியில் தள்ளின அதே சனம். மறியல் குளிரைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பார்த்தேன், கைப்பை கதிரையில் இல்லை. கீழே தரையில் இருந்தது. மக்டலீன் நடுக் கதிரைக்கு மாறியிருந்தாள். கிளடிஸ் அவளுடைய சாறித் தலைப்பைச் சரிபண்ணினாள்.

அப்போதுதான் இராஜரட்ணம் எழும்பினார். கணபதிப்பிள்ளையின் மகன் இல்லை என்ற கோபம் இன்னும் ஆறவில்லை.

“எனக்கு ஒரு கேள்வி. உங்கடை சனம் தனிநாட்டை விரும்பேல்லையோ?”

அதை அப்படியே பிரெஞ்சில் திருப்பினேன். கனபாடி குனிந்து, “நோன்” என்றார். பிறகு வேகமாக ஏதோ சொன்னார். எனக்குப் பிடிபட்டது நூற்றுக்கு எழுபத்துமூன்று என்பது மட்டும்தான். விரும்பேல்லையோ என்று கேட்டதுக்கு மனிசன் இல்லை என்கிறார். எழுபத்துமூன்று என்கிறார்.

“இல்லை எண்டுறார்,” என்றேன். “விரும்பீனமாம். நூற்றுக்கு எழுபத்துமூண்டு பேர்.”

மண்டபம் இடிந்து விழுந்தமாதிரிக் கைதட்டு. இராஜரட்ணமே தட்டினார். நாலைந்து பேர் எழும்பி நின்றார்கள். கிளடிஸ் மக்டலீனின் கையைப் பிடித்துத் தூக்க, இரண்டுபேருமாகச் சேர்த்துத் தட்டினார்கள், சின்னப் பிள்ளைகள்போல.

கனபாடி சனத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஏன் கை தட்டீனம்?” என்று பிரெஞ்சில் கேட்டார். “பெர்தூ எண்டு சொன்னனான். பெர்தூ.”

அப்போதுதான் மண்டையில் விழுந்தது. பெட்டி இல்லை. பாதை இல்லை. வாக்கெடுப்பில் தோற்றுப்போயிருக்கிறார். எழுபத்துமூன்று பேர் வேண்டாம் என்றவர்கள். அல்ஜீரியாக்காரன் சொல்லித்தந்தும், நாற்பது வருடத்துக்குப் பிறகு அதே ஊத்தைச் சட்டிக்குள் திரும்ப ஆணத்தை ஊற்றிவிட்டேன்.

வின்சன்றைப் பார்த்தேன். அவன் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

“உனக்குத் தெரியுமோ?” என்றேன்.

“விடுங்கோ அண்ணை. சனம் சந்தோசமா இருக்குது. நீங்கள் பொய்யோ சொன்னனீங்கள்? பிழையாத்தானே விளங்கினது.”

அவன் சொன்னது சரி. நான் பொய் சொல்லவில்லை. ஆனால் வாய் அந்த “விரும்பீனமாம்” என்ற சொல்லை எங்கேயிருந்து எடுத்தது? மனிசன் அதைச் சொல்லவில்லை. நான் போட்ட சாமான் அது. காதில் பிழையா, கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணில் பிழையா? இண்டைக்கும் எனக்குத் தெரியாது.

நான் யோசித்துக்கொண்டு நிற்க, கனபாடி என் கையிலிருந்த மைக்கை வாங்கினார். கண்ணை மூடி எதையோ தேடினார். பிறகு தமிழில், “வேண்டாம்,” என்றார். கையை ஆட்டி, “சனம்” என்று சொல்லத் தெரியாமல் எல்லாரையும் சுற்றிக்காட்டி, “வேண்டாம். வேண்டாம்,” என்றார்.

வின்சன்ற் மற்ற மைக்கில் பாய்ந்தான்.

“பிரான்ஸ் வேண்டாம் எண்டுறார்! தமிழிலை சொல்லுறார் பாருங்கோ!”

முன்னையதைவிடப் பெரிய கைதட்டு. ஒரு கிழவி அழுதாள். கனபாடி மைக்கை என் கையில் திருப்பி வைத்தார். கோபமாக வைக்கவில்லை. தகப்பனின் மூன்று சொல்லில் ஒன்றைச் செலவழித்தும் சரிவரவில்லை என்ற முகம்.

மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். மக்டலீன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தெட்டு வருடம் என்னோடு குடும்பம் நடத்தினவள். என் வாய் திறக்கப்போகிறது என்று அவளுக்கு என்னைவிட முதல் தெரிந்துவிட்டது. மெல்லத் தலையை ஆட்டினாள். ஓம் என்று ஆட்டினாளா, வேண்டாம் என்று ஆட்டினாளா? எங்கள் தலையாட்டும் அப்படித்தானே.

“பொறுங்கோ,” என்றேன். “நான் பிழை விட்டிட்டன். பிரான்ஸ் வேண்டாம் எண்டில்லை. தனிநாடு வேண்டாமெண்டு இவரின்ரை சனம் சொல்லிப்போட்டுது. நூற்றுக்கு எழுபத்துமூண்டு பேர். இவர் தோத்துப்போனார். அதைத்தான் இவர் காலமையிலையிருந்து சொல்லிக்கொண்டு நிக்கிறார்.”

பின்னால் ஒரு கதிரை கிறீச்சிட்டது. இராஜரட்ணம்தான் முதலில் வாய் திறந்தார்.

“அப்ப எதுக்கு உந்தாளைக் கூப்பிட்டது?”

அதையும் கனபாடிக்குச் சொன்னேன். அவர் சொன்னதை இந்தமுறை மூன்றுதரம் திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் தமிழில் சொன்னேன்.

“சனத்திட்டைக் கேளுங்கோ, சனத்திட்டைக் கேளுங்கோ எண்டு நாற்பது வருசமாக் கத்தினனான் எண்டுறார். கேட்டாங்களாம். சனம் சொல்லிப்போட்டுதாம். தன்ரை மனிசியும் வேண்டாமெண்டுதான் போட்டவவாம். அதுக்குப் பிறகு என்ன செய்யிறதெண்டு தனக்குத் தெரியாதாம். இஞ்சை ஆருக்கும் தெரிஞ்சால் சொல்லட்டாம். அதுக்குத்தான் வந்தவராம்.”

சனத்தைக் கேட்டால் எல்லாம் சரிவந்துவிடும் என்று ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு பதினாறு வருடம் இருந்தவன் நான். இங்கே ஒரு மனிசன் கேட்டுவிட்டு வந்து நிற்கிறார். கேட்டதும் சரி, சனம் சொன்னதும் சரி. பிறகு ஏன் செத்தவீட்டுக்காரன்மாதிரி நிற்கிறார்? பிழை எங்கே இருக்கிறது?

“நீங்கள் திருந்தமாட்டியள் அண்ணை,” என்றான் வின்சன்ற். பிறகு சனத்தைப் பார்த்து, “ரோல்ஸ் இருக்கு, பற்றீஸ் இருக்கு, சாப்பிட்டிட்டுப் போங்கோ,” என்றான். சனம் சாப்பிட்டது. இராஜரட்ணம் கனபாடிக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, கோப்பையில் இரண்டு பற்றீஸ் கொண்டுவந்து கொடுத்து, பாசை தெரியாமலே கன நேரம் எதையோ விளங்கப்படுத்தினார்.

நான் மூன்றாவது வரிசைக்குப் போனேன். கதிரைகள் வெறுமையாக இருந்தன. கைப்பையும் இல்லை. கழுவறைக் கதவில் தட்டினேன். வேறு யாரோ ஒரு மனிசி ஏசினாள்.

கனபாடியை அவர் தங்குகிற இடத்தில் இறக்கப் போனேன். வழியில் கேட்டேன், “இனி எலெக்சன் கேக்கமாட்டியளோ?”

“சி,” என்றார்.

அந்த ஒரு சொல்லில் பிழைவிட இடமில்லை. கேட்பாராம். தன்னைத் தோற்கடித்த சனத்திடமே திரும்பப் போய் வாக்குக் கேட்கப்போகிறார். இது விசரா, வீரமா என்று எனக்குப் பிடிபடவில்லை. பசை ஒட்டின சப்பாத்தோடு இறங்கினார். கையைப் பிடித்து, “மெர்சி, கணபதி,” என்றார். தன் பெயரை எனக்கு வைத்தாரா, நான் காலமை சொன்னது வணக்கம் மாதிரி ஏதோ என்று நினைத்தாரா, அதுவும் தெரியாது.

கார் தரிப்பிடத்தில் நின்றபடியே மக்டலீனுக்கு எடுத்தேன்.

“எங்கை நிக்கிறாய்?”

“பிக்கரிங்கிலை. தங்கச்சி வீட்டை.”

“என்னெண்டு போனனீ?”

“கிளடிஸ் கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்திட்டாள். உவை ரெண்டு விசரரும் சாகுமட்டும் கத்தட்டும், நீ வா அக்கா எண்டு.”

பின்னால் கிளடிஸ் சிரிக்கிற சத்தம் கேட்டது. அல்லது அழுகிற சத்தம். அவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

“வின்சன்ற் ஒண்டும் சொல்லேல்லையோ?”

“வந்தவர். வந்து கராச்சுக்கை போய் நிக்கிறார். இண்டைக்கு இஞ்சைதான் படுப்பன்.”

எனக்கு அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியவில்லை. கேட்டேன்.

“என்னோடை கோவமில்லையோ?”

“ஓம்,” என்றாள். வைத்துவிட்டாள்.

ஓம், கோவமில்லையா? ஓம், கோவமா? எங்கள் கணக்கில் ஒன்று, மற்றவர்களின் கணக்கில் மற்றொன்று. மக்டலீன் இந்த நாட்டில் முப்பது வருடம் ஆங்கிலத்தில் வேலை செய்தவள். எந்தக் கணக்கில் சொன்னாள்? இன்னொருதரம் எடுத்து, வடிவாக, இல்லையோ போடாமல் நேரே கேட்டால் விசயம் முடிந்தது.

எடுக்கவில்லை. கேட்டால் சொல்லிப்போடுவாள்.